இடஞ்சுழி

கரையைச் சுற்றி ஒரு வட்டம் என்றால்
என் கடிகாரக் கணக்கில்
மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.
அந்தக் கொஞ்சத்துக்காக
டிரான்ஸ்பார்மர் வரை போய்த் தொட்டுவிட்டு வருவேன்.

ஏரி என் வலக்கைப் பக்கம் இருக்க ஓடுகிறவள் நான்.
சாமி சுற்றுகிற வாக்கு.
வேண்டுதல் ஒன்றும் கிடையாது.

ஐந்து பத்துக்கு மலை இன்னும் வந்திருக்காது.
அது இருக்க வேண்டிய இருட்டில்
ஏற்காட்டிலிருந்து இறங்கும் ஏதோ ஒரு வண்டி
கொண்டை ஊசியில் அணைந்து
கொஞ்சம் கீழே மறுபடி எரியும்.

முதல் மதகு வரை மூச்சு என் பேச்சைக் கேட்காது.
குப்புராஜ் மீன் நிறுக்கும் கல்லைத் தாண்டினால் பழகிவிடும்.
அப்புறம் நண்டு வளைகள், குதிகால் ஊன்றக் கூடாது.
வேலிக்காத்தான் வளைவில் இரண்டு நாய்கள்:
பழுப்பு குரைக்கும்,
வெள்ளை நூறடி கூட வரும்.
ஆகாயத்தாமரைக்குள் முக்குளிப்பான்கள்
யாரோ கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் சிரிக்கும்.

எதிரே அவர்.
முதுகில் எழுத்து தேய்ந்த பனியன்,
ஏரியை இடக்கைப் பக்கம் வைத்து ஓடுகிற ஆள்.
ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கடப்போம்.
மதகுக்கு இப்பால் என்றால் நான் சரியாகத் தூங்கவில்லை.
நாவல் மரத்துக்கு அப்பால் என்றால்
அவர் வீட்டில் ஏதோ.
இரண்டு வருடம்.
மோவாய் கொஞ்சம் உயரும், அவ்வளவுதான்.
மனசுக்குள் அவருக்கு இடஞ்சுழி என்று பெயர்.
எனக்கு அவர் என்ன வைத்திருக்கிறாரோ.

ஐப்பசிக் கடைசியில் ஒரு புதன்கிழமை.
கன்னங்குறிச்சியில் ஒரு சொட்டு இல்லை.
மேலே ராத்திரி முழுக்கக் கொட்டியிருக்கிறது.
வரத்து ஓடை பாதைமேல் ஏறி
மறுபக்கம் ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது,
கேட்காமல், அவசரமில்லாமல்.
சில்வர் ஓக் இலைகள்,
காய் பச்சையாகவே ஒரு காப்பிக் கிளை,
இடது கால் செருப்பு ஒன்று.

பதினைந்தடித் தண்ணீருக்கு அந்தப் பக்கம் அவர்.

'ஆழமுங்களா?'
'தெரியலைங்க.'

ஒரு குச்சியை ஊன்றிப் பார்த்தார்.
தண்ணீர் அதை வாங்கிக்கொண்டு போயிற்று.

எங்கள் இருவருக்கும் நடுவே
நீலத் தாழைக்கோழி ஒன்று
மிதக்கும் தாமரை இலைகள்மேல் நடந்து கடந்தது,
விரலை விரித்து, மடக்கி, விரித்து.
பள்ளப்பட்டிப் பட்டறையில் பகலெல்லாம்
கொலுசுக்குப் பற்றவைக்கிற புத்தி
அந்தச் சிவப்புக் காலை அளவெடுத்தது.
கைக்குழந்தைக்கு நாலரை இஞ்சு.
இதற்கு ஒன்றே தாராளம்.

திரும்பினோம், அவர் அவர் வழியே, நான் என் வழியே.
அதாவது
அவர் என் திசையில், நான் அவர் திசையில்.

ஏரி இடக்கைக்கு வந்ததும்
எல்லாம் புதிது.
பழுப்பு நாய் சும்மா இருந்தது.
வெள்ளை குரைத்தது.
சமதளம் என்று நான் நம்பிய இடத்தில்
தொடை எரிந்தது.
கண்ணுக்குத் தெரியாத இறக்கம் அது,
இரண்டு வருடமாக எனக்குத் தள்ளிக்கொடுத்த மண்.
இதே இடத்தில்தான் தினமும்
அவர் வாய் திறந்து ஓடி வருவார்.
வயசாகிறது என்று நினைத்திருந்தேன்.

நாவல் மரத்தடியில் எதிர்ப்பட்டார்.
நின்றார். மூச்சு வாங்கவில்லை.
'உங்க வழி லேசா இருக்குதுங்களே' என்றார்,
ஏமாற்றப்பட்டவர் மாதிரி.

சிரிப்பு வந்தது. பதில் வரவில்லை.
மலை வந்திருந்தது,
பாதிவரைக்கும் மேகம்.

பட்டறைக்குப் போகும் பஸ்ஸில் வரைபடத்தைப் பார்த்தேன்:
வட்டம் மூடவில்லை.
கொக்கி வைக்காத கொலுசுபோல்
வட கிழக்கில் ஒரு சின்ன வாய்.
சேமிக்கவா என்று கேட்டது கடிகாரம்.

நாளைக்குத் தண்ணீர் வடியலாம்.
எந்தப் பக்கமாக ஓடுவது என்று
இன்னும் முடிவு செய்யவில்லை.